சாவி கை மாறும் வரை

எங்கள் அக்கா எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் பார்ப்பது படிக்கட்டைத்தான். கல்யாண வீடோ சாவு வீடோ, "வாங்க" என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்வதற்கு முன்பே அவள் கண் படிக்கட்டின் திருப்பத்துக்குப் போய்விடும். பீரோ ஏறுமா, கட்டில் திரும்புமா என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். சட்டசபைக்குத் தேர்வாகி முதல் நாள் உள்ளே போனபோதும் அதைத்தான் செய்தாளாம். பளிங்குப் படிகள், நடுவில் சிவப்புக் கம்பளம், இரண்டு பக்கமும் விறைத்து நிற்கும் காவலர்கள். இவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம், "ரெண்டு பீரோ ஒரே நேரத்துல ஏறும்" என்றாளாம். அவர் ஒரு முன்னாள் மந்திரி. அன்றைக்கு முழுவதும் அவர் இவளிடமிருந்து தள்ளியே உட்கார்ந்திருந்தார் என்று கேள்வி.

அவளைக் குறை சொல்ல முடியாது. அவளும் அவள் கணவரும் ஒரு லாரி வைத்து, வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் தொழில் செய்தவர்கள். மாமா ஓட்டுவார். அக்கா தெருவில் நின்றுகொண்டு, "தூக்கு, சாய், இன்னும் சாய், டேய் சுவரு, சுவரு!" என்று கத்துவாள். மாமா போன பிறகு ஒரு டிரைவரை வைத்துக்கொண்டு அவளே நடத்தினாள். இந்த ஊரில் யார் வீட்டுக் கட்டிலுக்குக் கால் ஆடும், யார் வீட்டு மெத்தைக்கு அடியில் கிழிசல் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அதை ஒருநாளும் வெளியில் சொன்னதில்லை. மற்றதையெல்லாம் தெருமுனை வரை கேட்கிற மாதிரி சொல்வாள்.

அந்தத் தொழிலில் அவளுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, கடைசி மூட்டை. லாரியில் கடைசியாக ஏறுவதுதான் முதலில் இறங்கும். அதனால் புது வீட்டில் கால் வைத்தவுடன் என்னவெல்லாம் வேண்டுமோ அவற்றை ஒரு பழைய துணியில் கட்டிக் கடைசியாக ஏற்ற வேண்டும். ஒரு பல்பு, சோப்பு, தீப்பெட்டி, இரண்டு டம்ளர், ஒரு ஸ்க்ரூடிரைவர், மாற்றிக்கொள்ள ஒரு துணி. இரண்டாவது, சாவி. சாமான் எல்லாம் லாரியில் ஏறிவிட்டால் வீடு காலியாகிவிட்டது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அக்கா ஒத்துக்கொள்ள மாட்டாள். "சாவி கை மாறற வரைக்கும் வீடு உன்னுதுதான். அதுக்குள்ள நீ திரும்பிப் போய்ப் படுத்துத் தூங்கினாலும் ஒருத்தனும் கேக்க முடியாது" என்பாள்.

ஒரு குடும்பத்துக்கு அவள் வருஷா வருஷம் வீடு மாற்றிக் கொடுத்தாள். ஒவ்வொரு வருஷமும் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார், அவர்கள் இன்னும் கொஞ்சம் ஊருக்கு வெளியே போவார்கள். ஒரு தடவை அந்த வீட்டுச் சின்னப் பெண் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, சாதாரணமாக, பள்ளிக்கூடத்தில் அடுத்த பாடம் என்ன என்று கேட்கிற மாதிரி, "அத்தை, அடுத்த வருஷம் எந்த வீடு?" என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் போனாள். அப்புறம் வாடகைதாரர்களுக்காக வீட்டுக்காரர்களோடு சண்டை போட ஆரம்பித்தாள். அதில் எதுவும் ஒழுங்காக ஜெயிக்கவில்லை. ஆனால் சண்டை நன்றாகப் போடுவாள் என்று ஊரெல்லாம் தெரிந்துபோயிற்று. தேர்தலில் நிறுத்திவிட்டார்கள்.

வீடு வீடாகப் போய் அவள் ஓட்டுக் கேட்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். "எனக்கு ஓட்டுப் போடுங்க. நீங்க யாரும் என் லாரியைக் கூப்பிடாத மாதிரி பண்றேன்" என்பாள். தன் தொழில் படுத்துப்போகட்டும் என்று ஓட்டுக் கேட்டு ஜெயித்தவள் உலகத்தில் எங்கள் அக்கா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், வேறு வழியில்லை. நான் அவளுக்கு ஒரே தங்கை. வீட்டிலேயே மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறேன். எனக்கும் அக்காவுக்கும் கோபம் ஒரே கடையில் வாங்கியது. என் கணவருக்கு அந்தச் சரக்கே கிடையாது. அவர் எங்கள் தெருக் கோடியில் இருக்கும் பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். விடிவதற்கு முன்பே போய்விடுவார், மதியம் வந்து தூங்குவார். அவர் வந்தால் வீட்டுக்குள் ஈஸ்ட் வாசனையும் வரும். எனக்கு அந்த வாசனை இல்லாவிட்டால் மதியம் என்பதே கிடையாது.

அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஓரங்களிலிருந்து இருட்டு உள்ளே வந்துகொண்டே இருந்தது. நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. பேக்கரியில் அவரை அடுப்புப் பக்கம் விடுவதை நிறுத்திவிட்டார்கள், மாவு பிசையும் வேலை மட்டும் கொடுத்தார்கள். "மாவுக்குக் கண்ணு எதுக்கு? அது என் கையைப் பாத்துக்கும்" என்று சிரிப்பார். நான் சிரித்ததில்லை.

கண் டாக்டரம்மா ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். பார்வை நிற்காது, முழுசாகப் போய்விடும், எப்போது என்று சொல்ல முடியாது. "இருக்கற வீட்டை இப்பவே கையால பழகிக்கோங்க. பார்க்கும்போதே பழகினது பின்னாடி கைகொடுக்கும். பார்வை போனதுக்கு அப்புறம் புது எடத்தைப் பழகறது ரொம்பச் சிரமம்" என்றார்.

அவர் பழகினார். கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார். ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் தண்ணீர்த் தொட்டி, இவ்வளவுதான் எங்கள் மாடி வீடு. சமையலறை நிலையில் ஒரு மரச்சிராய் தூக்கிக்கொண்டிருக்கும். நான் அதைத் தேய்த்துவிடப் போனபோது தடுத்தார். "அதை விட்டுடு. அது தட்டுப்பட்டாத்தான் எனக்கு அடுப்பு வந்துடுச்சுன்னு தெரியும்." படியிறங்கினால் தெரு. தெரு முழுக்கப் பள்ளிக்கூடத்து மதில். அதில் கையை வைத்தபடியே நடந்தால் மதில் முடிகிற இடத்தில் பேக்கரி. இப்படி வீடு, தெரு, வேலை மூன்றையும் ஒரே இழையாகக் கோத்துக் கையில் வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் மேலே வந்தார். தனி ஆள், ஓய்வு பெற்றவர், கறாரான மனுஷர், மோசமானவர் இல்லை. மாடியைத் தடுத்து ஏதோ ஆபீசுக்கு விடப்போகிறாராம். மூன்று மாதத்தில் காலி பண்ணிக் கொடுக்கச் சொன்னார். நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன். இவரோ, "சரிங்க, உங்க வீடு. நீங்க சொன்ன தேதியில காலி பண்ணிடறோம்" என்று வாக்குக் கொடுத்து, அவருக்கு ஒரு பன்னும் கொடுத்து அனுப்பினார். அன்றைக்கு நான் இவரோடு பேசவில்லை.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. பழைய பஸ் டிப்போ இருந்த அரசாங்க நிலத்தில் குறைந்த வாடகைக்கு வீடுகள் கட்ட வேண்டும் என்று அக்கா ஒரு மசோதாவுக்காக அலைந்துகொண்டிருந்தாள். டிப்போ எங்கள் பேக்கரிக்கு நேர் பின்னால்தான். அங்கே ஒரு வீடு கிடைத்து, இவருக்குப் பார்வை மிச்சம் இருக்கும்போதே குடிபோய்விட்டால், அதையும் கையால் பழகிவிடுவார். நான் தைக்கும்போதெல்லாம் அந்த வீட்டுக்குத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தேன், மனசுக்குள்.

டிப்போவில் மாதிரிக்கு ஒரு வீடு கட்டி முடித்ததும் அக்கா எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். முகமெல்லாம் பல்.

"படியைப் பாருடி! இன்ஜினியர்களோட மல்லுக்கட்டி வாங்கினது. நாலு பேரு கட்டிலை அப்படியே தூக்கிட்டுத் திரும்பலாம். வாசக்கதவைப் பாரு, பீரோ நிமிர்ந்து போகும். மொட்டை மாடியில கொக்கி வெச்சிருக்கேன், கயிறு கட்டி ஃபிரிட்ஜைக்கூட எறக்கிடலாம்."

படி உண்மையாகவே பிரமாதம். அதில் ஒரு குடும்பமே குடியிருக்கலாம். ஆனால் கதவைத் திறந்து உள்ளே போனால் வீடு உடனே முடிந்துவிட்டது. படிக்கும் நடைக்கும் கொடுத்த இடத்தையெல்லாம் உள்ளிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். ஜன்னலோரம் என் மெஷினைப் போட்டால் கதவு திறக்காது. இவர் கையால் சுவரைத் தடவிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றினார். சமையலறையில் நின்று இரண்டு கையையும் விரித்தார், இரண்டு பக்கமும் சுவர் தட்டியது. "படி அருமையா இருக்கு அக்கா" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பொய் வராது.

எனக்குத்தான் வாயை அடக்கத் தெரியாதே. "காலி பண்றதுக்கு வழியெல்லாம் வெச்சிருக்கே. கொக்கி வெச்சிருக்கே. தங்கறதுக்கு என்ன வெச்சிருக்கே?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா சண்டைக்கு வருவாள் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றேன். அவள் வரவில்லை. அந்த அகலப் படியில் போய் உட்கார்ந்தாள். "ஆமாடி, லாரிக்காரி கட்டின வீடு. எல்லாரும் போயிட்டே இருப்பாங்கன்னே நெனச்சுக் கட்டியிருக்கேன்" என்றாள். அவள் குரல் அப்படிச் சின்னதாகிப் போய் நான் மாமா போன அன்றைக்குத்தான் கேட்டிருக்கிறேன்.

அப்புறம் வரைபடம் மாறியது. படி ஒடுங்கியது, ஜன்னல்கள் அகன்றன. மசோதாவும் மாறியது. முதல் பாதி புது வீடுகளைப் பற்றியது. இப்போது அதற்கு இரண்டாம் பாதி ஒன்று சேர்ந்தது. ஊரில் வாடகைக்கு இருக்கிற யாரையும் தக்க காரணம் இல்லாமல் வெளியே அனுப்பக் கூடாது, வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றவும் கூடாது என்று அதில் எழுதினாள். சட்டம் வரப்போகிறது என்று தெரிந்தால் வீட்டுக்காரர்கள் அவசர அவசரமாக எல்லாரையும் கிளப்பிவிடுவார்கள் என்று, கவர்னர் கையெழுத்து எப்போது வந்தாலும் சபையில் நிறைவேறுகிற அந்த நிமிஷத்திலிருந்தே இது செல்லும் என்றும் ஒரு வரி சேர்த்தாள். அந்த நிமிஷம் யார் கையில் சாவி இருக்கிறதோ அவர்கள் குடியிருக்கிறவர்கள். தொழில் புத்தி போகுமா?

எதிர் வரிசையில் ஓர் உறுப்பினர் இருந்தார். செங்கல் சூளை வைத்திருப்பவர், எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் 'செங்கல்'. அவர் ஒருநாள் சபையில் எழுந்து, "அம்மையாருக்கு ஒரு தங்கை இருக்கிறார். வாடகை வீட்டில் இருக்கிறார். டிப்போவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். இந்த மசோதா ஊருக்கா, தங்கைக்கா?" என்று கேட்டுவிட்டார். சபையில் ஒரே கூச்சல். அதுவரை அரைமனசாக அக்கா பக்கம் இருந்தவர்கள் எல்லாம் நெளிய ஆரம்பித்தார்கள்.

நான் டிவியில் பார்த்துக்கொண்டே காலர் தைத்துக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்தாள். "ஆமாங்க, எனக்குத் தங்கச்சி இருக்கா. உறுப்பினர்களோட கூடப்பிறந்தவங்க, பிள்ளைங்க யாருக்கும் இந்த வீடு கிடையாதுன்னு இப்பவே எழுதிக்கோங்க. முதல் பேரா என் தங்கச்சி பேரை வெட்டிக்கோங்க" என்றாள். கைதட்டினார்கள். எனக்கு ஊசி மடக்கென்று உடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"ஏண்டி, வீட்டுக்கு வந்தவளை வான்னுகூடச் சொல்ல மாட்டியா?"

"ஊருக்கெல்லாம் வீடு. எனக்கு மட்டும் கதவைச் சாத்திட்டு, வான்னு வேற சொல்லணுமா? அவர் கண்ணைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"உன் பேரை வெட்டலைன்னா எல்லார் பேரும் போயிருக்கும்டி."

"வெட்டறதுக்கு என் பேருதான் கெடச்சுதா உனக்கு?"

"வேற யார் பேரை வெட்ட எனக்கு உரிமை இருக்கு, சொல்லு" என்றாள்.

மெஷின் நின்றுவிட்டது. நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதிருப்பேன். அவள் அழுதுகொண்டிருந்தாள் என்று பிற்பாடு இவர் சொன்னார். "உங்களுக்கு எப்படித் தெரியும், உங்களுக்குத்தான் ஓரம் தெரியாதே" என்று எரிந்து விழுந்தேன். "மூக்கு உறிஞ்சினாங்க" என்றார்.

மசோதா அந்தக் கமிட்டி இந்தக் கமிட்டி என்று சுற்றியது. மூன்று மாதமும் முடிந்தது. கடைசியில் ஓட்டெடுப்புக்கு வைத்த நாளும், நாங்கள் காலி பண்ண வேண்டிய நாளும் ஒன்றாக வந்து நின்றன.

அன்று காலை லாரியோடு அக்காவே வந்தாள். சபைக்குப் போகிற வெளுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, தலைப்பை இடுப்பில் செருகி, என் மெஷினின் ஒரு பக்கத்தைத் தானே தூக்கினாள். அவளுடைய லாரி ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற இரண்டு அறையில் ஒன்றை எங்களுக்கு ஒழித்து வைத்திருந்தாள். ஊரின் அந்தக் கோடி. அங்கிருந்து பேக்கரிக்கு இவரால் தனியாக வர முடியாது. அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

எல்லாம் ஏறியது. கடைசியாக என் மூட்டையை ஏற்றினேன். அதைக் கட்ட வேண்டிய வேலை இல்லை. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது அவிழ்த்து, அன்றைக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு, மறுநாளே திரும்பக் கட்டிவைத்தது. வாடகை வீடு, எப்போது கிளம்பச் சொல்வார்களோ என்று எங்கள் படுக்கையின் கால்மாட்டில்தான் அது எப்போதும் கிடக்கும். சின்னக் கூடம், வேறு இடம் இல்லை. இவர் நல்ல உயரம். அத்தனை வருஷமும் காலை மடக்கிக்கொண்டுதான் தூங்கினார்.

அக்கா சபைக்குக் கிளம்பும்போது டிரைவரிடம், "நான் சொல்ற வரைக்கும் வண்டியைக் கிளப்பவும் வேண்டாம், எறக்கவும் வேண்டாம்" என்றாள். என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "இன்னிக்குப் பாஸ் ஆகுமா ஆகாதான்னு எனக்குத் தெரியலைடி. பாஸ் ஆச்சுன்னா நீ நகர வேண்டாம். ஆகலைன்னா என் வீடு இருக்கு. அதுவரைக்கும் சாவியைக் குடுக்காதே. என்ன ஆனாலும் குடுக்காதே." சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்க ஓடினாள். செருப்பு வார் அறுந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

நான் மாடிக்கு ஏறிப் போனேன். இவர் காலி வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார். சாமான் இல்லாத வீட்டில் காலடி ஓசை வேறு மாதிரிக் கேட்டதால் இரண்டு தடவை நின்று நின்று திசை பார்த்தார். சமையலறை நிலைக்கு வந்து, அந்தச் சிராயைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். என் வாழ்க்கையில் எந்தச் சட்டத்துக்காகவும் நான் சாமி கும்பிட்டதில்லை, அன்றைக்குக் கும்பிட்டேன்.

மதியம் நாங்கள் கீழே இறங்கி லாரியோரம் நின்றிருந்தபோது வீட்டுக்காரர் வந்து கையை நீட்டினார். "எல்லாம் ஏத்தியாச்சு போல. சாவி?"

இவர் என் பக்கம் திரும்பி, "குடுத்துடும்மா. வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார்.

"இன்னிக்குத் தரோம்னுதானே சொன்னீங்க? இன்னிக்கு இன்னும் முடியலை" என்று சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சாமானெல்லாம் லாரியில இருக்கே!" என்றார் வீட்டுக்காரர்.

"சாமான் இருந்தா? சாவி இங்க இருக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இவளோடு மல்லுக்கு நிற்பதைவிடச் சாயங்காலம் வரை நிற்பதே மேல் என்று நினைத்திருக்க வேண்டும். வெயில் வேறு. டிரைவர் லாரியில் கடைசியாக ஏற்றிய மூட்டையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, எங்கள் நாற்காலி ஒன்றை இறக்கி அவருக்கு லாரி நிழலில் போட்டார். எங்களை வெளியே அனுப்ப வந்தவர் எங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். இவர் அவருக்குப் பேக்கரியிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட்டையும் கொடுத்தார். இந்த மனுஷரை என்ன செய்வது, சொல்லுங்கள்.

டிரைவர் தன் போனில் சபை நடவடிக்கையைப் போட்டு, வண்டியின் முன் கண்ணாடியில் சாய்த்து வைத்தார். நான் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேபினில் உட்கார்ந்திருந்தேன். யார் யாரோ பேசினார்கள். கடைசியில் செங்கல் எழுந்தார்.

"ஒரு சந்தேகம். முதல் பாதியில் தங்கைக்கு வீடு இல்லை என்றார். சரி. இந்த இரண்டாம் பாதி அவருடைய தங்கைக்குப் பொருந்துமா, பொருந்தாதா?"

இங்கேயும் என் பெயரை வெட்டப் போகிறாள் என்று நினைத்தேன். வெட்டினால் இந்தத் தடவை நான் கோபப்பட மாட்டேன் என்றும் நினைத்தேன். அக்காவின் குரல் வந்தது, லாரிக்குப் பக்கத்தில் நின்று கத்துகிற அதே குரல்.

"பொருந்தும். உங்க தங்கச்சிக்கும் பொருந்தும். இந்த ஊர்ல வாடகைக்கு இருக்கற எல்லார் தங்கச்சிக்கும் பொருந்தும். யாரையும் வெட்டாம இருந்தாத்தாங்க அது சட்டம்."

யாரோ மேஜையைத் தட்டினார்கள். அப்புறம் நிறையப் பேர் தட்டினார்கள். சபாநாயகர் ஆதரிப்பவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். எண்ணினார்கள், திரும்ப எண்ணினார்கள். நிறைவேறியது என்று சபாநாயகர் சொன்னதில் பாதிதான் என் காதில் விழுந்தது, மீதியை டிரைவர் அடித்த ஹாரன் தின்றுவிட்டது. தெருநாய்கள் எல்லாம் குரைத்தன. நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு அழுதேன். நன்றாகச் சத்தம் போட்டு, வெட்கமில்லாமல் அழுதேன்.

இவர் வீட்டுக்காரரின் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கோங்க. வாக்குத் தவறிட்டேன்" என்றார்.

வீட்டுக்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் லாரியைப் பார்த்தார். "நீங்க எங்க தவறினீங்க? நான் சாவி கேட்டேன், அவங்க தரலை. ஒண்ணும் பண்றதுக்கில்லை" என்றார். அப்புறம், "நாற்காலியை எடுத்துட்டுப் போங்க, மழை வர மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கீழ்வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வாரமே, நான் வருஷக்கணக்காகச் சொல்லியும் சரி பண்ணாத தொட்டிக் குழாய்க்கு ஆள் அனுப்பினார். சட்டமா மனசா, எது அனுப்பியது என்று நான் விசாரிக்கவில்லை.

சாமான்கள் திரும்ப மாடிக்கு ஏறின. எந்த வீட்டிலிருந்து இறக்கினார்களோ அதே வீட்டுக்கு ஏற்றுவது அந்த லாரிக்கு அதுதான் முதல் தடவை என்று டிரைவர் சொன்னார். எது எங்கே இருந்ததோ அங்கேயே வைக்க வேண்டும் என்று நான் அதட்டிக்கொண்டே இருந்தேன். ஓர் அங்குலம் தள்ளிப் போனாலும் அவர் கை தேடும்.

அக்கா வரும்போது மழை பிடித்துவிட்டது. காலி லாரியைப் பார்த்திருக்கிறாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே மேலே வந்தாள். அன்றைக்குத்தான் அவள் எங்கள் படிக்கட்டின் திருப்பத்தை நிமிர்ந்து பார்க்காமல் ஏறி வந்தாள். வந்து தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள்.

"பசிக்குதுடி. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை."

ரொட்டியும் சூடாகப் பாலும் கொடுத்தேன். தின்றுகொண்டே, "இனிமே என் லாரிக்கு வேலையே இல்லை போ" என்றாள். "நல்லதுதான். வித்துட்டு ஒரு நல்ல செருப்பு வாங்கு" என்றேன். சிரித்தாள். வாயில் ரொட்டியோடு அப்படியே தூங்கிப்போனாள். இவர் தடவிப் பார்த்து அவள் தலைக்கு ஒரு தலையணை வைத்தார்.

டிப்போவில் இப்போது வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. படிகள் சாதாரணப் படிகள். ஜன்னல்கள் பெரியவை. எங்களுக்கு அங்கே இடமில்லை, வெட்டினது வெட்டினதுதான். அந்தப் பக்கம் போகும்போது இப்போது எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் முழு உண்மையாகாது, ஆனால் கிட்டத்தட்ட உண்மை.

மசோதா நிறைவேறிய மறுநாள் நான் மூட்டையை அவிழ்த்தேன். பல்பைப் பின்பக்கம் மாட்டினேன், டம்ளர்களை மற்ற டம்ளர்களோடு அடுக்கினேன், சோப்பைத் தொட்டி விளிம்பில் வைத்தேன். கட்டியிருந்த பழைய கட்டம்போட்ட விரிப்பை வெட்டி ஜன்னலுக்குத் திரை தைத்துத் தொங்கவிட்டேன். மதியம் இவர் வேலையிலிருந்து வந்து, கைகால் கழுவி, எப்போதும் போல முழங்காலை மடக்கிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் காலால் துழாவினார்.

"மூட்டையை எங்க வெச்சே? கால்ல தட்டுப்படலையே. எடம் தப்பிப் படுத்துட்டேனா?"

"எடமெல்லாம் சரிதான். அவுத்துட்டேன்" என்றேன்.

"எதுக்கு?"

"தேவைப்படாது."

அவர் ஒரு காலை மெதுவாக நீட்டினார், நடுவில் நிறுத்தினார், இன்னும் கொஞ்சம் நீட்டினார். அப்புறம் மற்ற காலையும் நீட்டினார். பாதம் சுவரைப் போய்த் தொட்டது. அங்கே ஒரு சுவர் இருப்பது அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் காலுக்குத் தெரிந்தது.